வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்கும் வேலை: சேரலாமா?

நீங்கள் கேட்டது இது. பி.காம் முடித்து எட்டு மாதமாகிறது, ஊர் விழுப்புரம் பக்கம். குழந்தைகள் படிப்புக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் சென்னையில் ‘ஃபண்ட்ரைசிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை வந்திருக்கிறது. மாதம் 17,000 சம்பளம், அதற்கு மேல் இன்சென்டிவ். அப்பா, “பொம்பளப் புள்ள படிச்சுட்டு வீடு வீடாப் போய் கை நீட்டுறதா” என்கிறார். இது நல்ல வேலையா, ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, நீங்கள் கேட்க வந்தது வேறு: முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று பணம் கேட்க என்னால் முடியுமா, முடிந்தாலும் ராத்திரி படுக்கும்போது எனக்கே அசிங்கமாக இருக்காதா. ஒன்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். மூன்று வருடம் கதவு தட்டினேன், அப்புறம் டீம் லீடர், கடைசியில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். எல்லாம் சென்னையிலும், கொஞ்ச காலம் கோவையிலும். ஆகையால் நான் சொல்வதை இந்த இரண்டு ஊர் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்வதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சேர்ந்த முதல் மாதத்தில் பாதிப் பேர் வேலையை விடுவது வெயிலால் அல்ல, இந்த ஒரு வார்த்தையால். ஊருக்காகக் கேட்பது நமக்குப் புதிதல்ல. கோயில் கொடைக்கு ரசீது புத்தகத்தோடு தலைக்கட்டு வரி வாங்க வருகிறவரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாமே டப்பாவைக் குலுக்கியிருக்கிறோம். கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் உண்டியல் ஏந்துகிறார்கள், பிடியரிசி வாங்கிப் பசி ஆற்றிய ஊர் இது. கை நீட்டுவது யாருக்காக என்பதில்தான் மானமும் அவமானமும் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதை அப்பாவிடம் சொல்லுங்கள்: நீங்கள் காசைத் தொடவே மாட்டீர்கள். உருப்படியான நிறுவனங்களில் வாசலில் ரொக்கம் வாங்குவது தடை. நீங்கள் வாங்கிவருவது, ‘மாதாமாதம் இந்தத் தொகையை என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்ற சம்மதம். மேண்டேட் என்பார்கள். நேரில் நின்று பேசி இப்படி மாதச் சந்தாதாரர்களைச் சேர்க்கும் முறையை 1995-ல் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் ஆரம்பித்து வைத்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவி, நம் ஊர் மால் வாசல்வரை வந்துவிட்டது.

இப்போது இந்த வேலைக்கு இவ்வளவு ஆள் எடுப்பதற்கு ஒரு காரணம் டெல்லியில் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். அப்படி வரும் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், அதை 20 ஆக்கினார்கள். ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் கூடாது என்றாகிவிட்டது. பெரிய அமைப்பிடம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த சின்ன அமைப்புகள் தவித்துப்போயின. உள்ளூர்ப் பணம் இல்லாமல் கதி இல்லை என்ற நிலை வந்ததும் உங்களைப் போன்றவர்களுக்கு ஆஃபர் லெட்டர் வர ஆரம்பித்தது. ஆக, இப்படி ஒரு வேலை இருப்பது நிஜம், தேவையும் நிஜம். உங்கள் கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட கடிதம் நிஜமா என்பது தனிக் கேள்வி, பின்னால் வருகிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலை பத்து மணிக்கு ஆபீஸில் அரை மணி நேரம் பேசிப் பழகுவது, நேற்று யார் எத்தனை ஃபார்ம் கொண்டுவந்தார்கள் என்ற கணக்கு, கைதட்டல். பதினொன்றரைக்கு ஃபீல்டு. ஒரு மணியிலிருந்து நாலு வரை கதவு தட்டுவது வீண்வேலை, தூங்குகிறவரை எழுப்பி நல்ல வார்த்தை வாங்க முடியாது. நாலரையிலிருந்து எட்டு வரைதான் உங்கள் நேரம். என் காலத்தில் என் கணக்கு, எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்: எண்பது வீட்டில் மணி அடித்தால் முப்பது கதவு திறக்கும், அதில் பத்துப் பேர் முழுதாகக் கேட்பார்கள், ஒருவர் கையெழுத்துப் போடுவார். அந்த ஒருவரும் இல்லாத நாள் வாரத்துக்கு இரண்டு வரும். கேட்டட் அப்பார்ட்மென்ட் வந்த பிறகு இது இன்னும் சிக்கல், கதவுக்கு முன்னால் வாட்ச்மேன், வாட்ச்மேனுக்கு மேல் அசோசியேஷன் செக்ரட்டரி. அவரிடம் முன்பே அனுமதி வாங்காமல் கூரியர்காரர் மாதிரி நுழைந்து உள்ளே போகச் சொல்கிற டீம் லீடர் யாராவது இருந்தால், அன்றைக்கே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

வாசலில் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. பயிற்சி வகுப்பில் பேசுவதைத்தான் சொல்லித் தருவார்கள், நிற்பதைச் சொல்லித் தர மாட்டார்கள். மணியை ஒரு தடவை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வாருங்கள், படி இருந்தால் ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள். திறக்கிறவர் முகத்துக்கு நேராக நாம் நின்றால் முதலில் வருவது பயம். கோலத்தை மிதிக்காதீர்கள். ஐடி கார்டை கழுத்தில் தொங்கவிட்டால் போதாது, கையில் எடுத்து அவர்களே படிக்கும்படி நீட்டுங்கள். “சார், ரெண்டு நிமிஷம்” என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும், ஏனென்றால் ஊரில் எல்லா சேல்ஸ்மேனும் அப்படித்தான் ஆரம்பிக்கிறான். பெயரைச் சொல்லி, எந்த அமைப்பு என்று சொல்லி, “நன்கொடை விஷயமா வந்திருக்கேன், கேட்க நேரம் இருக்குமா?” என்று உடைத்துச் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று உங்கள் டீம் லீடர் பதறுவார். போகட்டும். நன்கொடை என்ற சொல் பத்தாவது நிமிடத்தில் வந்தால் அவர்களே பதினோராவது நிமிடத்தில் போகப்போகிறவர்கள்தான், உங்கள் பத்து நிமிடமும் சேர்ந்து போகும். அப்புறம், செவ்வாய், வெள்ளி சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பல வீடுகளில் பணம் வெளியே கொடுக்க மாட்டார்கள். மேண்டேட்டில் பணம் இன்றைக்கே போகாது என்று அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். “நாளைக்கு வரேம்மா” என்று சொல்லி, சொன்னபடி மறுநாள் போய் நின்றால் அந்த வீட்டில் உங்களுக்கு மோராவது கிடைக்கும். என் நிலையான டோனர்களில் கணிசமான பேர் இரண்டாம் முறை போனபோது சேர்ந்தவர்கள்.

இப்போது இந்த வேலையின் மையமான விஷயம். கையெழுத்து வாங்குவது இந்த வேலையில் பாதிதான். அந்த டோனர் பதிமூன்றாவது மாதமும் இருக்கிறாரா என்பது மீதிப் பாதி, ஆனால் பெரும்பாலான இடங்களில் உங்களுக்குக் கூலி முதல் பாதிக்குத்தான். எல்லாக் கோளாறும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. நான் சேர்ந்த இரண்டாவது மாதம், டார்கெட்டுக்கு இரண்டு குறைவு, மாதக் கடைசி. முகப்பேரில் ஒரு வீட்டில் ஒரு அம்மா. பையில் வைத்திருந்த ஆல்பத்தில் மிக மெலிந்த குழந்தையின் படத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன், அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் கண் கலங்கி மாதம் 800 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அந்தக் கணக்கில் பணம் இல்லை. மேண்டேட் திரும்பினால் வங்கி கணக்குக்காரரிடம் அபராதம் பிடிக்கும், வங்கிக்கு வங்கி மாறும், ஆனாலும் சில நூறு ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்த வீட்டுக்காரர் என் நம்பருக்கு அழைத்துக் கத்தவில்லை, கத்தியிருந்தால் மறந்திருப்பேன். “அது பையன் ஃபீஸுக்கு ஒதுக்கி வச்ச அக்கவுன்ட்டுங்க, அவ சொல்லலையா?” என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லியிருப்பார், நான் கேட்கத்தான் இல்லை. குழந்தைகள் படிப்புக்கு என்று ஒரு குழந்தையின் ஃபீஸ் கணக்கில் கை வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி: சம்பளம் இந்தக் கணக்கில்தான் வருகிறதா, எந்தத் தேதியில் எடுத்தால் வசதி, வீட்டில் இன்னொருவரிடம் கேட்க வேண்டுமா. மூன்றாவதைக் கேட்டாலே பத்தில் மூன்று பேர் “சொல்லிட்டு நாளைக்குப் பண்றேன்” என்று நழுவுவார்கள். நழுவுகிறவர்கள் எப்படியும் மூன்றாம் மாதம் கேன்சல் செய்கிறவர்கள். கேன்சல் செய்வது எப்படி என்பதையும் நானே சொல்லிவிடுவேன், எங்களுக்கு ஒரு மெயில் போட்டாலும் போதும், வங்கியிலேயே நிறுத்தவும் முடியும் என்று. வெளியே போகும் வழியைக் காட்டினால்தான் பயமில்லாமல் உள்ளே வருவார்கள் என்பது நான் அனுபவத்தில் கண்டது. ஆய்வு எதுவும் செய்து சொல்லவில்லை.

வாசலில் சொல்லப்படும் பொய்களில் அதிகம் புழங்குவது வரிவிலக்குப் பொய். “12,000 கொடுத்தா 6,000 திரும்ப வந்துடும் சார்.” வராது. நன்கொடைக்குக் கழிவு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவான 80ஜி-யில் 50 சதவீதம் என்றால் கொடுத்த தொகையில் பாதி உங்கள் வருமானத்திலிருந்து கழியும், வரியிலிருந்து அல்ல. 20 சதவீத வரிவிகிதத்தில் இருக்கிறவர் 12,000 கொடுத்தால் 6,000 வருமானத்தில் கழிந்து, மிச்சமாவது செஸ்ஸோடு சேர்த்து 1,248 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது, இப்போது எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. ரசீது மட்டும் இருந்தால் போதாது, நிறுவனம் 10பிஇ என்ற சான்றிதழைக் கொடுக்க வேண்டும், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள். இவ்வளவும் பி.காம் படித்த உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. உண்மையைச் சொன்னால், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் நிறைந்த மேற்கு மாம்பலம் மாதிரி தெருக்களில் இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்ததாலேயே எனக்குக் கிடைத்த டோனர்கள் உண்டு. தப்பாகச் சொல்கிறவனை அவர்கள் உட்காரவைத்துப் பாடம் எடுத்து அனுப்புவார்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: “நான் கொடுக்கிற 500-ல எவ்வளவு அந்தக் குழந்தைக்குப் போகும்?” உங்களுக்குக் கொடுத்திருக்கும் தாளில் ஒரு அழகான சதவீதம் அச்சடித்திருக்கும். அது நிறுவனத்தின் மொத்த வரவு செலவுக் கணக்கு, இந்த ஒரு டோனரின் கணக்கு அல்ல. உங்கள் சம்பளம், இன்சென்டிவ், டீம் லீடர், நடுவில் நன்கொடை திரட்டித் தரும் ஏஜென்சி இருந்தால் அதன் பங்கு எல்லாம் அவர் தரும் முதல் பல மாதப் பணத்திலிருந்துதான் வருகிறது. நான் இருந்த இடங்களில் ஒரு டோனரைச் சேர்த்த செலவு திரும்பி வரவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. மற்ற இடங்களில் கூடலாம், குறையலாம். இதை மறைக்காமல், “முதல் வருஷம் பெரும்பாலும் எங்களை நடத்தப் போகும், நீங்க மூணு வருஷம் இருந்தாதான் அந்தப் பக்கம் நிறையப் போய்ச் சேரும்” என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் முகம் சுளித்தார்கள். சேர்ந்தவர்கள் நின்றார்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். முதலில், சம்பளம் போடுவது யார் என்று பாருங்கள். மேலே தொண்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், கீழே கையெழுத்து ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியுடையதாக இருக்கும். அப்படியென்றால் அது ஏஜென்சி. ஏஜென்சி என்பதாலேயே மோசம் இல்லை, ஆனால் இன்றைக்குக் குழந்தைகள், அடுத்த மாதம் கண் ஆபரேஷன், அதற்கடுத்து யானை என்று மாற்றி மாற்றிப் பேச வைப்பார்கள். தொண்டு நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து, இந்த ஏஜென்சிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். நிறுவனத்தின் பதிவை நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பார்க்கலாம், 12ஏ (நிறுவனத்தின் வருமானத்துக்கே வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி பதிவு இருக்கிறதா என்று வருமான வரித் துறைத் தளத்தில் பார்க்கலாம். பதிவு இருப்பது ஒழுங்காக நடக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது, பதிவே இல்லை என்றால் மட்டும் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது பணம். டேப்லெட்டுக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்முக்கு முன்பணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் போகாதீர்கள். 17,000 என்பது நிலையான சம்பளமா, டார்கெட் எட்டினால் வருகிற சம்பளமா என்று எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் ‘ஃபிக்ஸட்’ என்ற சொல்லுக்கு விசித்திரமான அர்த்தங்கள் உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, 17,000-க்கு உங்களிடம் பிடிப்பது 130 ரூபாய்கூட வராது. வெயிலில் அலைகிற வேலைக்கு அது இல்லாமல் சேராதீர்கள். டோனர் மூன்று மாதத்துக்குள் கேன்சல் செய்தால் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். பிடிப்பது நியாயமா என்பதில் எனக்கே இரண்டு மனம்: டோனரை ஏமாற்றாமல் இருக்க அது ஒரு கடிவாளம், ஆனால் நம் தப்பில்லாமல் ஒருவருக்கு வேலை போனாலும் நம் சம்பளத்தில் கை வைப்பார்கள். வசூலில் இத்தனை சதவீதம் கமிஷன் என்றால் வேண்டாம். அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் பெரிய சங்கமான ஏஎஃப்பி தன் நெறிமுறையிலேயே சதவீதக் கூலி கூடாது என்று வைத்திருக்கிறது. சம்பளம் சதவீதத்தில் வந்தால் எதிரில் நிற்பவர் மனிதராகத் தெரிய மாட்டார், தொகையாகத்தான் தெரிவார்.

பெண் என்பதால் சில விஷயம் தனியாக. மாலை நேரத்தில் ஜோடியாகத்தான் அனுப்புவார்களா என்று கேளுங்கள், “தெரு முழுக்க நம்ம டீம்தான் இருக்கும்” என்ற பதில் செல்லாது. வீட்டுக்குள் கூப்பிட்டாலும் போகாதீர்கள், தண்ணீரை வாசலிலேயே வாங்கிக் குடிக்கலாம். பெரிய பிரச்சினை கழிவறை. இதை எந்த இன்டர்வியூவிலும் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் டீம் பெண்கள் ஒவ்வொரு ஏரியாவிலும் எந்த பெட்ரோல் பங்க், எந்த ஓட்டல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள், புதிதாக வருகிறவளுக்கு முதல் நாள் அந்தப் பட்டியல்தான் வரவேற்பு. அது இல்லாமல் தண்ணீர் குடிக்காமலே சமாளித்து நோய் வாங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஓடிபி விஷயம் இப்போது பெரிய தலைவலி. முன்பு காகித ஃபார்ம், கேன்சல் செய்த செக் ஒன்று, அவ்வளவுதான். இப்போது மேண்டேட்டை டேப்லெட்டிலேயே செய்து, டோனருக்கு வரும் ஓடிபியைப் போட்டு முடிக்க வேண்டும். யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று வங்கி தினமும் மெசேஜ் அனுப்புகிறது, நாம் வாசலில் நின்று அதையே கேட்கிறோம். டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அவரையே போடச் சொல்லுங்கள், அந்த நேரம் வேறு பக்கம் பாருங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், நிறுவனத்தின் வெப்சைட் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு எண்ணிக்கை வராது, ஆனால் அவர் பயந்தது நியாயம்.

கடைசியாக, உங்களால் முடியுமா என்பது. கூச்சம் ஒரு தடையே இல்லை, கூச்சப்படுகிறவர்கள்தான் எதிராளி முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் வாயாடிகள் ஆறு மாதத்தில் கிரெடிட் கார்டு விற்கப் போய்விட்டார்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை அடுத்த வீட்டு வாசல்வரை தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இது ஆகாது. நங்கநல்லூரில் ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் என்னை நிற்கவைத்துப் பேசினார். பிறகு உள்ளே போய் பாஸ்புக்கை எடுத்துவந்து காட்டினார், ஏற்கெனவே இரண்டு அமைப்புகளுக்கு மாதாமாதம் பென்ஷனிலிருந்து போய்க்கொண்டிருந்தது, இரண்டையும் எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு ஃபார்மும் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வங்கிக்கு இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டீம் லீடர் கிழித்துத் தொங்கவிட்டார். “ஆபீஸுக்கு எதிரா வேலை பார்க்கிறியா” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லவில்லை. இந்த மாதிரி ஒரு மாலையை நீங்கள் வீணான மாலை என்று நினைப்பீர்களா, இல்லையா என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

கடிதம் சரியாக இருந்தால் சேருங்கள், ஆறு மாதம் என்று கெடு வைத்துக்கொண்டு சேருங்கள். பிடித்தால் அதே நிறுவனத்தில் டோனர் கணக்கு, ரசீது, 10பிஇ பார்க்கும் பிரிவுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள், பி.காமுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஃபீல்டுக்கு லேஸ் ஷூ வேண்டாம். சில வீடுகளில் வாசல் திண்ணையில் ஏறவே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், குனிந்து முடிச்சு அவிழ்ப்பதற்குள் அந்த அம்மாவுக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிடும்.